இரண்டு பேருக்கு ஒரு வழிகாட்டி

1988 முதல் உலகப் பாரம்பரியச் சொத்தாக இருக்கும் இலங்கையின் சிங்கராஜ மழைக்காட்டில் பெரிய கும்பலோடு பேசிக்கொண்டே நடந்தால், பறவைகள் நமக்கு முன்பே விலகிப் போய்விடும். இரண்டு பேருக்கு ஒரு வழிகாட்டி என்றால் கதையே வேறு. கரிச்சான் குரல் கேட்டதும் அவர் கையை உயர்த்தி நம்மை நிறுத்துவார். சற்று நேரத்தில் தவிட்டுக்குருவிகள் சலசலக்க, பல இனப் பறவைகள் ஒரே கூட்டமாக இரை தேடியபடி தலைக்கு மேல் கடந்துபோகும். அதுவரை காலில் ஏறும் அட்டையைக்கூடத் தட்டத் தோன்றாது.

கூடுதல் காசு என்று தயங்காதீர்கள். குடாவ போன்ற காட்டோர ஊரில் பிறந்து வளர்ந்தவரையே வழிகாட்டியாகக் கேளுங்கள். காலையிலேயே காட்டுக்குள் நுழைந்துவிடுங்கள்.