முன்பின் அறியாதவருக்கு ஒரு யோசனை

கேரளத்தின் நெய்யாற்றின்கரையில் பழைமையான கிருஷ்ணன் கோயில் ஒன்று உள்ளது. அதன் வளாகத்தில் முதிர்ந்த பலா ஒன்றின் அடிமரம் போற்றிப் பாதுகாக்கப்பட்டு வருகிறது. 'அம்மச்சிப் பிலாவு' என்பது அதன் பெயர்.

1729 முதல் 1758 வரை திருவிதாங்கூரை ஆண்ட மார்த்தாண்ட வர்மர், அரியணை ஏறுவதற்கு முன் பகைவர்களால் துரத்தப்பட்டு இவ்விடத்திற்கு வந்தாராம். அங்கே தென்பட்ட ஒரு சிறுவன், அந்தப் பலாவின் பொந்தைக் காட்டி அதனுள் ஒளிந்துகொள்ளச் சொன்னானாம். அவர் உயிர் பிழைத்தார். அரசரான பின், சிறுவனாக வந்தவன் கண்ணனே என்று உணர்ந்து அங்கே கோயில் எழுப்பினார் என்பது வழிவழியாக வரும் கதை.

ஒரே ஒரு யோசனை. அதுவும் முன்பின் அறியாதவர் சொன்னது. அதனால் ஓர் உயிர் பிழைத்தது. அப்படியானால், நாம் அன்றாடம் போகிற போக்கில் பிறருக்குச் சொல்லும் யோசனைகளுக்கு என்ன மதிப்பு? சொல்பவருக்கு என்ன பொறுப்பு? நல்ல எண்ணத்தோடு சொன்னால் மட்டும் போதுமா?

பாதி உண்மை

நெய்யாற்றின்கரையிலிருந்து தெற்கே சென்றால் பாறசாலை. அதையும் கடந்தால் தமிழகத்தின் களியக்காவிளை. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது, நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. நடுவே எல்லை வந்தாலும் மக்களின் போக்குவரவு நிற்கவில்லை. ஒருவருக்கொருவர் யோசனை சொல்வதும் நிற்கவில்லை.

சந்தையில் மரச்சீனிக் கிழங்கு வாங்கும் வெளியூர்க்காரரிடம், "நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள்" என்று ஒருவர் சொல்வதாகக் கொள்வோம். சொன்னது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. கசப்பு வகைக் கிழங்கில் சயனைடு நஞ்சாக மாறக்கூடிய பொருள் உண்டு. சிறு துண்டுகளாக நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்த நீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும். உள்ளூரார் இதைச் சிறு வயதிலிருந்தே செய்து பழகியவர்கள். அதனாலேயே, அதைத் தனியாகச் சொல்ல வேண்டும் என்ற நினைவு அவர்களுக்கு வருவதில்லை. நமக்குப் பழகிப்போனது பிறருக்கும் தெரிந்திருக்கும் என்று எண்ணுவதே யோசனை சொல்பவரின் முதல் தவறு.

சொல்லும் கேட்பவரின் செவியில் மாறிவிடும். மலையாளத்தில் 'வெள்ளம்' என்றால் தண்ணீர். தமிழில் அது பெருக்கெடுத்து ஓடுவது. எல்லைக்கு இரு புறமும் ஒரே சொல்தான், பொருளோ வேறு. நம் அனுபவமும் அத்தகையதே. நம் உடலுக்கு ஒத்தது இன்னொருவர் உடலுக்கு ஒவ்வாமல் போகலாம்.

நல்லெண்ணம் தரும் துன்பம்

விடியுமுன் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டச் சென்ற ஒருவரைப் பாம்பு தீண்டிவிட்டால் என்ன நடக்கிறது? சுற்றிலும் கூட்டம் கூடுகிறது. "கடிவாயைக் கீறிவிடு" என்கிறார் ஒருவர். "வாயால் உறிஞ்சு" என்கிறார் மற்றொருவர். "மேலே இறுக்கிக் கட்டு" என்கிறார் இன்னொருவர். அனைவரும் நல்லவர்களே, எவரும் தீங்கு நினைக்கவில்லை. ஆயினும் இம்மூன்றையும் செய்யக் கூடாது என்கிறது இன்றைய மருத்துவம். இறுக்கிக் கட்டுவதால் இரத்த ஓட்டம் தடைப்பட்டுக் காலையே இழக்க நேரலாம். கடிபட்டவரை நடக்கவிடாமல், கடிபட்ட உறுப்பை அசையவிடாமல், விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்கு விரைந்து தூக்கிச் செல்வதே சரியானது.

யோசனை சொன்னவர்கள் சற்று நேரத்தில் தத்தம் வேலையைப் பார்க்கப் போய்விடுவர். விளைவைச் சுமப்பவர் படுத்திருப்பவர் மட்டுமே. நாம் சொன்ன சொல்லின் விளைவை நாம் காண்பதில்லை என்பதாலேயே நம் பொறுப்பு குறைந்துவிடுமா? குறையாது, கூடுகிறது. நம்மைத் திருத்துவதற்கு அங்கே வேறு எவரும் இல்லை அல்லவா?

தீமை விளைவிக்காத சொல்லே வாய்மை என்பது வள்ளுவர் தரும் இலக்கணம். வாக்கினால் செய்யும் தவத்தைக் கூறும் கீதை, உண்மை, இனிமை ஆகியவற்றோடு நன்மையையும் சேர்த்தே சொல்கிறது. நல்லெண்ணம் நம் உள்ளத்தில் இருக்கிறது. நன்மையோ கேட்பவரின் வாழ்வில் விளைய வேண்டியது. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை அறிவுதான் கடக்க வேண்டும்.

மௌனமா, சொல்லா?

அப்படியென்றால், தவறிவிடுமோ என்று அஞ்சி வாய்மூடி இருப்பதே மேல் என்று சிலர் எண்ணலாம். அதுவும் சரியல்ல. பள்ளம் இருப்பதை அறிந்தும் இருட்டில் வருபவரை எச்சரிக்காதவர், அறிவைப் பூட்டி வைத்த கருமி. சொல்லத்தான் வேண்டும். தாம் அறிந்ததை மட்டும் சொல்ல வேண்டும். முழுமையாகச் சொல்ல வேண்டும். "எனக்கு ஒத்துவந்தது, உங்களுக்கு எப்படியோ" என்று அதன் எல்லையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தெரியாதபோது "தெரியவில்லை" என்பதும் ஒரு சேவையே. அது கேட்டவரை அறிந்தவரிடம் அனுப்பி வைக்கிறது.

கேட்பவருக்கும் கடமை உண்டு. கீதை முழுவதையும் உபதேசித்து முடித்த பின்னும் கண்ணன் அர்ஜுனனைக் கட்டாயப்படுத்தவில்லை. நன்கு ஆராய்ந்து விரும்பியபடி செய் என்றே விட்டுவிடுகிறான். பகவானின் உபதேசத்தையே ஆராய்ந்து ஏற்க வேண்டுமென்றால், வழிப்போக்கரின் யோசனையை ஆராயாமல் ஏற்கலாமா?

மீண்டும் அந்தப் பலாமரத்தடிக்கு வருவோம். சிறுவன் காட்டியது தான் அறிந்த மரத்தை. இளவரசர் அகப்பட்டிருந்தால் அவனுக்கும் ஆபத்து நேர்ந்திருக்கும். தானும் அந்த ஆபத்தில் நின்றுகொண்டே அவன் யோசனை சொன்னான். முன்பின் அறியாத ஒருவருக்கு அடுத்த முறை நாம் யோசனை சொல்ல வாய் திறக்கும்போது, நம்மை நாமே ஒன்று கேட்டுக்கொள்வோம்: "இதன் விளைவு என்னைச் சேர்வதாக இருந்தாலும் இதையே சொல்வேனா?" ஆம் என்று உள்ளம் சொன்னால், தயங்காமல் சொல்வோம். இயன்றால், அவரோடு சிறிது தூரம் நடந்தும் செல்வோம்.