அந்தப் புஸ்தகத்துல எங்கப்பா இருக்காரா?

போன செமஸ்டர் விடுமுறையில் நான் படித்த புத்தகங்களை வரிசையாக அடுக்கி வைத்தால், ஒரே ஆள் படித்தது என்று யாரும் நம்ப மாட்டார்கள். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவல். அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்', அதுவும் நாவல்தான். சீ. அருண் எழுதிய சயாம் - பர்மா ரயில் பாதையின் வரலாற்று நூல். பியர் பூல் என்ற பிரெஞ்சுக்காரர் குவாய் நதிப் பாலத்தை வைத்து எழுதிய நாவல், ஆங்கில மொழிபெயர்ப்பில். கடைசியாக மகாபாரதத்தின் ஸ்திரீ பர்வம். அது இந்த வரிசையில் எப்படி வந்து சேர்ந்தது என்று பிறகு சொல்கிறேன்.

ஸ்கூடாய் விடுதியில் என் அறை நண்பன் இந்த அடுக்கைப் பார்த்துவிட்டு ஒன்று கேட்டான். "வரலாறு படிச்சா விஷயம் தெரிஞ்சிக்கலாம். கதை எதுக்குலா? ஒருத்தன் உக்காந்து யோசிச்சி எழுதினது. நடந்ததே இல்ல." அவன் படிக்காத பையன் இல்லை, நிறைய படிப்பான். ஆனால் சுயமுன்னேற்றம், பொருளாதாரம், வாழ்க்கை வரலாறு, அவ்வளவுதான். நம்மில் பாதிப் பேர் அப்படித்தான் இருக்கிறோம் என்று நினைக்கிறேன். அவனுக்கு அன்றைக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

நான் இந்தப் புத்தகங்களைத் தேடிப் போனதற்குக் காரணம் என் பாட்டி. குளுவாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் 1941இல் பிறந்தவர். அவருக்கு இரண்டு வயது இருக்கும்போது அவருடைய அப்பா சயாமுக்குப் போனார். திரும்பி வரவில்லை. எங்கள் வீட்டில் அவருக்குத் திதி கிடையாது. இறந்த நாள் தெரிந்தால்தானே திதி கொடுக்க முடியும்? ஆடி அமாவாசைக்கு மட்டும் மற்ற படையலோடு வாழையிலை ஒன்று கூடுதலாக விழும். 'சயாமுக்குப் போனவரு இலை' என்றுதான் அதைச் சொல்வோம். சின்ன வயதில் சயாம் என்பது சொர்க்கம் மாதிரி ஏதோ ஓர் இடம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் வரலாற்றைத்தான் படித்தேன். சிவில் படிக்கிறவன், எண்கள் எனக்கு வசதி. தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர். 1942 நடுவில் வேலை தொடங்கியது. 1943 அக்டோபரில் இரண்டு முனைகளும் இணைந்துவிட்டன. மலை, காடு, பருவமழை எல்லாவற்றையும் தாண்டி. பிரிட்டிஷார் முன்பே யோசித்துப் பார்த்துவிட்டுக் கைவிட்ட வழி அது. தண்டவாளம் போதாமல் நம் நாட்டுப் பாதைகளையே பிடுங்கிக்கொண்டு போனார்கள். தம்பின் - மலாக்கா கிளைப் பாதை அப்படித்தான் போனது. கிழக்குக் கரைப் பாதையில் பெரும்பகுதியும் போனது.

ஒரு நாளைக்கு எத்தனை மீட்டர் போட்டிருப்பார்கள் என்று போனிலேயே கணக்குப் போட்டேன். சராசரி 800 மீட்டருக்கு மேல் வருகிறது. உண்மையைச் சொன்னால், எனக்கு முதலில் வந்தது வியப்பு. 'பரவாயில்லையே, செய்து காட்டிவிட்டார்களே' என்கிற மாதிரி. போனை வைத்த பிறகுதான் உறைத்தது. அந்த 800 மீட்டர்களில் ஏதோ ஒன்றில்தான் பாட்டியோட அப்பா கிடக்கிறார்.

அடுத்த எண்கள் இறந்தவர்களைப் பற்றியவை. போர்க் கைதிகளாக அங்கே வேலை செய்தவர்கள் 60,000 பேருக்கும் மேல். அதில் 12,000க்கும் அதிகமானவர்கள் இறந்தார்கள். பிரிட்டிஷார், ஆஸ்திரேலியர், டச்சுக்காரர். அவர்களுடைய அதிகாரிகள் முகாமிலேயே பெயர்ப் பட்டியலைக் காப்பாற்றி வைத்திருந்தார்கள். காஞ்சனபுரி கல்லறைத் தோட்டத்தில் ஏறக்குறைய 7,000 பேர், பெரும்பாலும் தனித்தனிக் கல், கல்லில் பெயர், வயது. சரி. அது நியாயம்தான்.

ஆசியத் தொழிலாளர்களில் எத்தனை பேர் இறந்தார்கள்? ஒரு நூல் 70,000 என்கிறது. இன்னொன்று 90,000. வேறொன்று ஒரு லட்சத்தையும் தாண்டுகிறது. நம்ம லேப் ரிப்போர்ட்டில் அளவுக்குப் பக்கத்தில் பிளஸ்-மைனஸ் போட்டுப் பிழை எவ்வளவு என்று எழுதுவோமே, அது மாதிரி. ஆனால் இங்கே அந்தப் பிழை மட்டுமே 30,000. இறந்த போர்க் கைதிகளின் மொத்தக் கணக்கைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். தோட்டத்திலிருந்து லாரியிலும் கூட்ஸ் வண்டியிலும் ஏற்றிக்கொண்டு போன நம் ஆட்கள் அந்தப் பிளஸ்-மைனஸுக்குள்ளேதான் இருக்கிறார்கள். 1990இல் காஞ்சனபுரியில் நிலத்தைத் தோண்டும்போது நூற்றுக்கணக்கில் எலும்புக்கூடுகள் வெளியே வந்தன. அவை ஆசியத் தொழிலாளர்களுடையவை என்றுதான் நம்பப்படுகிறது. இன்னொரு விஷயமும் உண்டு. 1944இல் ஜப்பானியப் படையே அங்கே ஒரு நினைவுத் தூண் கட்டியது. அதில் பல மொழிகளோடு தமிழிலும் எழுதி வைத்திருக்கிறார்கள். வேலை வாங்கிக் கொன்றவர்களுக்கு, செத்தது தமிழன் என்று கல்லில் எழுதும் அளவுக்குத் தெரிந்திருந்தது.

இந்த இடத்தில் வரலாற்று நூல் எனக்கு உதவவில்லை. அது பொய் சொல்லவில்லை. ஆனால் எழுத்து தெரிந்தவர்கள் விட்டுப்போன தாளை வைத்துத்தானே வரலாறு எழுத முடியும்? பால் வெட்டிக்கொண்டிருந்தவர் டைரி எழுதவில்லை. அருண் அவர்கள் உயிர் பிழைத்து வந்தவர்களைத் தேடிப்பிடித்துப் பேச வைத்ததால்தான் அவருடைய நூல் எனக்கு வேறு மாதிரி பட்டது. பேசுவதற்கு ஆள் இல்லாமல் போயிருந்தால் அந்தப் பக்கங்களும் இருந்திருக்காது.

கற்பனையாவது உதவுமா? பியர் பூலைப் படித்தேன். ஆள் நம்ம மாதிரி எஞ்சினியர். போருக்கு முன்னால் மலாயாவிலேயே ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர். அதாவது நம் பாட்டன் பூட்டன்களைத் தினமும் கண்ணால் பார்த்தவர். 1952இல் அவர் எழுதிய நாவலில் பாலம் கட்டுவது பிரிட்டிஷ் கைதிகள். 1957இல் அது சினிமாவாக வந்து ஏழு ஆஸ்கார் வாங்கியது. உலகத்துக்கே இந்த ரயில் பாதை தெரிந்தது அந்தப் படத்தால்தான். அந்தப் பெயரைக் கேட்டுச் சுற்றுலாப் பயணிகள் தேடி வர ஆரம்பித்ததும், மே குலோங் என்று இருந்த நதியின் அந்தப் பகுதிக்கு 1960களில் குவாய் யாய் என்று பெயரையே மாற்றினார்கள். நடக்காத கதை ஒரு நதியின் பெயரை மாற்றிவிட்டது! 'கதைதானே' என்று என் நண்பன் சொன்னபோது இது தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

நாவல் நல்ல நாவல்தான், மறுக்கவில்லை. வேலையில் உள்ள பெருமை ஒரு மனிதனை எப்படி எதிரிக்கே நல்ல பாலம் கட்டிக் கொடுக்க வைக்கிறது என்பதை எஞ்சினியரிங் படிக்கிற ஒவ்வொருவரும் படிக்கணும். நான் 800 மீட்டர் கணக்குப் போட்டு வியந்தேனே, அதே வியாதி. ஆனால் அவர் கற்பனை செய்து சேர்த்தது எதுவும் என்னைத் தொந்தரவு செய்யவில்லை. விட்டுவிட்டதுதான் செய்தது. தோட்டத்தில் கூடவே இருந்தவர்களை அவருடைய கற்பனை பார்க்கவில்லை. ஒரு புத்தகம் உண்மையா பொய்யா என்று கேட்பதற்கு முன்னால் இதில் யார் இல்லை என்று கேட்கும் பழக்கம் எனக்கு அங்கேதான் வந்தது. இது கதைக்கும் பொருந்தும், வரலாற்றுக்கும் பொருந்தும்.

சண்முகமும் ரெங்கசாமியும் அந்த ஆட்களுக்கு முகம் கொடுத்தார்கள். ரெங்கசாமி ஜப்பான் காலத்தைச் சிறு வயதில் நேரில் பார்த்தவர். இரண்டு நாவலிலும் தோட்டத்துப் பேச்சு கேட்கிறது, ஆட்கள் பசிக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், வீட்டை நினைக்கிறார்கள். முடித்த அன்று ராத்திரி மணி இரண்டு. கொஞ்சம் அழுதேன். பிறகு மாமாக் கடைக்குப் போய் தே தாரேக் குடித்தேன். மனசு லேசாக இருந்தது, ஏதோ ஒரு கடனை அடைத்துவிட்ட மாதிரி. மறுநாள் அதை நினைத்தால் வெட்கமாக இருந்தது. யாருக்கு என்ன செய்தேன்? படுத்துக்கொண்டு புத்தகம் படித்தேன், அவ்வளவுதான். கதையில் எனக்கு இருக்கிற பயம் இதுதான்: அது கண்ணீரை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்து அனுப்பிவிடும்.

விடுமுறை முடிவதற்குள் பாட்டிக்குச் சில பக்கங்கள் வாசித்துக் காட்டினேன். அவருக்குக் கண் சரியாகத் தெரியாது. படித்ததும் இரண்டாம் வகுப்பு வரைதான். நாவலில் முகாம் வாழ்க்கை வரும் இடம். பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தவர், "அந்தப் புஸ்தகத்துல எங்கப்பா இருக்காரா?" என்று கேட்டார்.

இல்லை என்பதுதான் சரியான பதில். அது நாவல், அதில் வருவது எழுத்தாளர் உருவாக்கிய ஆட்கள். ஆனால் எண்பது வருஷமாக ஒரு வார்த்தை கேட்காத ஒருவரிடம் அதை எப்படிச் சொல்வது? நான் "அவரு மாதிரி ஆளுங்க இருக்காங்க பாட்டி" என்றேன். பாட்டி 'மாதிரி' என்ற சொல்லைக் காதில் வாங்கவில்லை. "நெனச்சேன்" என்றார். அன்று மாலை அத்தைக்குப் போன் போட்டு, "எங்கப்பாவப் பத்தி புஸ்தகத்துல போட்டிருக்கானாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் திருத்தவில்லை.

நான் பொய் சொன்னேனா? குற்றமில்லாத நன்மை வருமென்றால் பொய்யும் வாய்மையின் இடத்தில் நிற்கலாம் என்று வள்ளுவர் சொல்லியிருக்கிறார், தெரியும். ஆனால் நாமே செய்ததற்கு நாமே அந்தக் குறளை எடுத்துக்கொள்வது ரொம்ப சுலபம். அந்த நன்மை பாட்டிக்கா, பதில் சொல்லும் கஷ்டத்திலிருந்து தப்பித்த எனக்கா?

இதை ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பில் நடத்தும் அண்ணனிடம் கேட்டேன். அவர் நேரடியாகப் பதில் சொல்லவில்லை. "இதிகாசம்னா என்ன அர்த்தம்?" என்றார். இப்படித்தான் நடந்தது என்று அர்த்தம். "அப்ப அது கதையா, வரலாறா?" முழித்தேன். "ஸ்திரீ பர்வத்தப் படி தம்பி" என்று அனுப்பிவிட்டார்.

போர் முடிந்துவிட்டது. காந்தாரி களத்தில் நடந்து, கிருஷ்ணனிடம் ஒவ்வோர் உடலாகக் காட்டிப் புலம்புகிறாள். தன் பிள்ளைகள் மட்டும் இல்லை, அபிமன்யு, கர்ணன், துரோணர் எல்லாரும். ஒவ்வொருவருக்கும் பெயர், அழுகிற மனைவி, தாய். இது முடிந்ததும் திருதராஷ்டிரன் தருமரிடம், எத்தனை பேர் இறந்தார்கள் என்று எண்ணிக்கை கேட்கிறான். தருமர் சொல்கிறார்: 166 கோடியே 20 ஆயிரம் பேர். கண்ணில் படாமல் போனவர்கள் 24,165. எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அந்தக் களத்தில் 166 கோடிப் பேர் எப்படி நிற்பார்கள்? ஆனால் அந்தக் கடைசி ஐந்தை இரண்டாவது தடவை படித்தபோது சிரிப்பு வரவில்லை. காணாமல் போனவர்களைக் கூட அவர் சுமாராகச் சொல்லவில்லை.

அதோடு விடவில்லை. கேட்பார் இல்லாத பிணங்களுக்கு யார் செய்வது என்ற பேச்சு வருகிறது. எங்கெங்கிருந்தோ வந்து, உறவு இல்லாமல் கிடந்தவர்களை விதுரர் ஆயிரக்கணக்கில் சிதை அடுக்கி எரிக்க வைக்கிறார். பிறகு கங்கைக் கரையில் எல்லாரும் நீர் விடும்போது, குந்தி இத்தனை நாள் மறைத்ததைச் சொல்கிறாள்: கர்ணனும் உங்கள் அண்ணன்தான், அவனுக்கும் நீர் விடுங்கள். நீர் விடுவதற்கு யாருடைய பிள்ளை என்று தெரிந்தாக வேண்டும். புலம்பல், எண், பெயர் எல்லாம் அடுத்தடுத்த அத்தியாயங்களில் வருகின்றன. நாம்தான் அவற்றைத் தனித்தனி அலமாரியில் பிரித்து வைத்திருக்கிறோம்.

படித்து முடித்த வாரக் கடைசியில் குளுவாங் போனேன். "பாட்டி, அந்தப் புஸ்தகத்துல இருக்கறது உங்க அப்பா இல்ல. அவரு கூடப் போனவங்கள வெச்சி எழுதின கதை" என்று சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார். "கூடப் போனவங்கதானே, அவங்களும் வராதவங்கதானே" என்றார்.

அப்போதுதான் அவருடைய அப்பா பெயரைக் கேட்டேன். இருபத்திரண்டு வயது வரை நான் கேட்டதே இல்லை. அதில் ஒரு சிக்கல். பாட்டியின் அம்மா சாகும் வரை புருஷன் பெயரை வாயால் சொல்லவில்லை, 'அவுரு'தான். தோட்டத்தில் தெரிந்தவர்கள் யாரும் இப்போது இல்லை. அந்த மனிதரின் பெயர் எழுதப்பட்ட ஒரே இடம் பாட்டியின் அடையாளக் கார்டு, 'ஆனாக் பெரம்புவான்' என்பதற்குப் பின்னால். எந்தக் கிராணி எழுதினாரோ, ரோமன் எழுத்தில் உள்ள அந்தப் பெயரைத் தமிழில் இரண்டு விதமாக வாசிக்கலாம். இரண்டையும் சத்தமாகச் சொல்லிக் காட்டினேன். பாட்டிக்கும் எது என்று தெரியவில்லை.

"ரெண்டையும் எழுதிக்க" என்றார். "அமாவாசைக்கு ரெண்டையும் சொல்லிடுவோம்."