பரிந்துரைக்கும் கணினி, பதில் சொல்லும் மனிதர்

நீரிழிவு, ரத்த அழுத்தம் போன்ற நாட்பட்ட நோய்களில் அடுத்த மருந்து எதுவென்று மருத்துவருக்குக் கணினி பரிந்துரைக்கும்போது ஒரு பழைய அறக்கேள்வி மீண்டும் எழுகிறது: சரியானதை அறிந்தாலே நோயாளிக்கான நம் கடமை தீர்ந்துவிடுமா? தீராது என்பதே என் வாதம். ஹரியானா, கர்நாடகத்தின் 40 சமூக சுகாதார மையங்களில் இத்தகைய கருவியைச் சோதித்த எம்வெல்கேர் ஆய்வு 2019இல் வெளியானது. ஒப்பிடப்பட்ட இரு தரப்பு மையங்களிலும் பயிற்சி பெற்ற செவிலியர் இருந்தனர். ஒரு தரப்புக்கு மட்டும் கருவி. ரத்த அழுத்தத்திலும் சர்க்கரையிலும் இரண்டுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. 2016இல் வெளியான கார்ஸ் ஆய்வு, இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் 1,146 நீரிழிவு நோயாளிகளிடம் நடந்தது. அங்கே கணினியோடு, நோயாளியைத் தொடர்ந்து விசாரிக்கும் ஒருங்கிணைப்பாளரும் இருந்தார். வழக்கமான சிகிச்சை பெற்றோரைவிட இரு மடங்குக்கும் மேற்பட்டோர் சிகிச்சை இலக்குகளை எட்டினர். பலனில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல முடியாதுதான். ஆனாலும் ஒருவர் பொறுப்பேற்ற இடத்தில் அறிவுரை செயலாயிற்று.

மனிதர் களைப்படைவார், மறப்பார், கணினி மறக்காதே என்று கேட்கலாம். உண்மை, அதனால்தான் கருவி வேண்டும். ஆனால் மறவாமை வேறு, பொறுப்பு வேறு. கணினி மறக்காமல் நினைவூட்டும் இலக்கே தவறாகவும் இருக்கலாம். அக்கார்ட் என்ற நீரிழிவு ஆய்வில், சர்க்கரையைத் தீவிரமாகக் குறைத்த பிரிவில் இறப்புகள் கூடியதால் 2008இல் அச்சிகிச்சையையே நிறுத்தினர். எண்கள் இறங்கின, உயிர்கள் போயின. அப்படித் தவறென்று தெரிந்தபின் பரிந்துரை விதியைத் திருத்த எந்திரத்தால் முடியும். இறந்தவர் குடும்பத்துக்குப் பதில் சொல்ல அதனால் முடியாது. ஆகவே இம்மென்பொருளை வாங்கும் அரசும் மருத்துவமனையும், வராத நோயாளியைத் தேடிப் பேசும் ஒருவரையும் அதே செலவுத் திட்டத்தில் நியமிக்க வேண்டும்.