பெற்றோரைப் பேணுதலும் கைங்கர்ய நெறியும்

கைங்கர்யமே ஜீவாத்மாவின் ஸ்வரூபத்துக்குச் சேர்ந்த புருஷார்த்தம் என்பது ஸ்ரீவைஷ்ணவ ஸம்ப்ரதாயத்தின் உயிர்நிலையான கொள்கை. அக்கைங்கர்யத்திற்கும் ஓர் இலக்கணம் உண்டு. செய்பவனுடைய மனநிறைவை அது அளவாகக் கொள்வதில்லை. கொள்பவனுடைய உகப்பையே அளவாகக் கொள்கின்றது. மூப்பெய்திய தாய் தந்தையர் உள்ள ஒவ்வோர் இல்லத்திலும் இந்நெறி நாள்தோறும் சோதனைக்கு உள்ளாகின்றது.

அன்னையையும் தந்தையையும் தெய்வமாகக் கொள்ளுமாறு தைத்திரீய உபநிஷத்து விதிக்கின்றது. பண்டரிபுரத்தில் விட்டலன் செங்கல்லின்மேல் நிற்கும் காரணத்தையும் அன்பர்கள் அறிவர். பெற்றோருக்குப் பணிவிடை செய்துகொண்டிருந்த புண்டலீகன் சற்றுப் பொறுத்திருக்கச் சொல்ல, எம்பெருமான் அவ்வாறே உகந்து நின்றான் என்பது வரலாறு. ஆகவே, பேண வேண்டுமா என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. எவ்வாறு பேணுவது என்பதிலேதான் இடர்ப்பாடு எழுகின்றது.

தந்தை பக்கவாதத்தால் படுக்கையில் இருக்கின்றார். மகன் அயலூரில் உத்தியோகத்தில் இருக்கின்றான். மருமகள் ஒருத்தியே இரவு பகலாகத் தூக்கியும் துடைத்தும் உணவூட்டியும் தன் உடல்நலத்தை இழக்கின்றாள். பயிற்சி பெற்ற பணியாளரை அமர்த்தலாமே என்றால், பெற்றவரைப் பிறர் கையில் விட்டுவிட்டார்கள் என்று ஊரார் பழிப்பார்களோ என அஞ்சுகின்றனர். தம் கையால் செய்யாது பிறர் துணையை நாடுவது கடமையினின்று வழுவுதல் ஆகுமா?

இதற்குத் திருக்கோயிலே விடை தருகின்றது. திருவரங்கத்தில் உடையவர் கைங்கர்யங்களைப் பல கொத்துக்களாக வகுத்து நியமித்த செய்தியைக் கோயிலொழுகு கூறுகின்றது. திருமடைப்பள்ளி ஒருவருக்கு, தீர்த்தம் ஒருவருக்கு, திருமாலை ஒருவருக்கு என்று பகிர்ந்து நடப்பதே திருவாராதனம். புறப்பாட்டில் பலர் தோள் கொடுக்க வேண்டிய திருப்பல்லக்கை ஒருவரே தாங்குவேன் என்று முற்பட்டால் பல்லக்குச் சாயும். இல்லத்திலும் அவ்வாறே. பாரத்தை ஒருவர் தலையில் ஏற்றிவிட்டு மற்றவர்கள் அதனைப் பக்தி என்று புகழ்வது அதர்மம்.

நோயுற்றோரைப் பேணுதல் ஆலயத்துக்குப் புறம்பானதும் அன்று. காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடலில் எழுந்தருளியிருக்கும் வேங்கடேசப் பெருமாள் கோயிலின் கல்வெட்டு இதற்குச் சான்று. 11ஆம் நூற்றாண்டில், வீரராஜேந்திர சோழன் காலத்தில், 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை அங்கு நடைபெற்றது. மருத்துவர், அறுவை செய்வோர், மருந்து கொணர்வோர், பணிமகளிர் என ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே ஜீவிதம் வகுக்கப்பட்டிருந்தது. பயின்றவர் செய்ய வேண்டிய பணியைப் பயின்றவரிடம் ஒப்படைக்கும் விவேகம் அன்றே இருந்தது.

இன்றும் அவ்விவேகம் வேண்டும். முதுமை வேறு, நோய் வேறு. முதியோருக்கு நோய்த்தொற்று ஏற்பட்டால் சில வேளைகளில் காய்ச்சலே காணாது. திடீர் மனக்குழப்பமாக அது வெளிப்படும். "வயதானால் இப்படித்தான்" என்று இருந்துவிட்டால் காலம் கடந்துவிடும். பல மருத்துவர் எழுதிய மருந்துகள் ஒன்றோடொன்று முரண்படுவதும் உண்டு. ஆதலின் உண்ணும் மருந்துகள் அனைத்தையும் ஒருசேர மருத்துவரிடம் காட்டுதல் நன்று. சர்க்கரை நோய்க்கு மருந்துண்ணும் முதியவர் ஏகாதசியில் முழுப் பட்டினி கிடப்பது ஆபத்து. முதியோர்க்கும் நோயுற்றோர்க்கும் தர்மசாஸ்திரம் விரதத்தில் தளர்வு தந்திருப்பதை அவர்களுக்கு நினைவூட்டுவதும் ஒரு பணிவிடையே.

சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978இல் முதியோருக்கெனத் தனிப் பிரிவு தொடங்கப்பெற்றது. தமிழ்நாட்டில் இல்லம் தேடி வந்து மருந்து தரும் திட்டம் 2021இல் தோன்றியது. முதியோருக்கான உதவித் தொலைபேசி எண் 14567. கைவிடப்பட்ட பெற்றோர் ஜீவனாம்சம் கோரித் தீர்ப்பாயத்தை நாடுவதற்கு 2007ஆம் ஆண்டின் சட்டம் வழி செய்துள்ளது. இவற்றைக் கேட்டுப் பெறுவதில் இழுக்கு இல்லை. எனினும் சட்டம் பொருளைப் பெற்றுத் தரும். உகப்பைப் பெற்றுத் தர இயலாது.

உகப்பை அறிவது எங்ஙனம்? பஞ்சவடியில் பர்ணசாலை அமைக்கத் தக்க இடத்தைத் தெரிந்தெடுக்குமாறு பெருமாள் பணித்தபோது, இளையபெருமாள் தாமே தெரிந்தெடுக்கவில்லை. தேவரீரே இடத்தைக் காட்டி நியமித்தருள வேண்டும் என்று கைகூப்பி நின்றார். பூர்வாசார்யர்கள் கொண்டாடும் பாரதந்த்ர்யம் இதுவே. தாயாரின் கட்டிலை எந்த அறையில் இடுவது, அவர் எந்த ஊரில் இருப்பது, எந்தச் சிகிச்சையை ஏற்பது என்பனவற்றைப் பிள்ளைகள் தமக்குள் கூடி முடிவு செய்துவிட்டுப் பின்னர் அறிவிப்பது இந்நெறிக்குச் சேராது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. "எனக்காகச் செலவு செய்யாதே" என்று தாய் கூறுவது பெரும்பாலும் அவளுடைய விருப்பத்தைக் காட்டுவதில்லை. பிள்ளைக்குப் பாரமாகிவிடுவோமோ என்ற அச்சத்தையே காட்டுகின்றது. அச்சத்தை நீக்கிய பின்னர் மீண்டும் கேட்டால்தான் உண்மையான திருவுள்ளம் வெளிப்படும். நினைவே மங்கிப்போன தந்தையிடம் கேட்டறிய இயலாது. அவர் நெடுநாள் வாழ்ந்த முறையே அங்கு நியமனம் ஆகும். தீர்த்தமாடி, திருமண்காப்புத் தரித்து, துளஸி தீர்த்தம் பருகி வாழ்ந்தவர்க்கு அவற்றைக் காலந்தவறாது நடத்தி வைப்பது மருந்துக்கு நிகரான ஆறுதல் தரும்.

உத்ஸவத்தில் பெருமாளைக் கண்ணாரச் சேவித்து இல்லம் திரும்பும் அன்பர்களுக்கு அங்கே மற்றொரு ஸந்நிதி காத்திருக்கின்றது. பிரஸாதத்தை அவர்கள் கையில் கொடுத்து, அருகில் அமர்ந்து, "என்ன வேண்டும்?" என்று கேட்டு, விடை வருமளவும் பொறுத்திருப்பார்களாயின், அந்தக் கைங்கர்யத்தையும் எம்பெருமான் உகந்தருள்வான் என்பதில் ஐயமில்லை.