சாட்சியின் கண்

ஒருவன் செய்த தியாகத்தைக் கண்ட சாட்சி எவரும் இல்லையென்றால் அந்தத் தியாகம் பூர்த்தியானதாகுமா என்ற கேள்வி மிகப் பழமையானது. ஆயினும், காண்பதையே ஜீவனோபாயமாகக் கொண்ட ஒரு மனிதரின் பிற்கால வாழ்வை நினைக்கும்போது, சாஸ்திர விசாரத்தில் தோன்றாத கூர்மை அதற்கு வந்துவிடுகிறது. ஸ்வீடன் தேசத்து ஒளிப்பதிவாளர் ஸ்வென் நிக்விஸ்டைத்தான் சொல்கிறேன். அவர் 1922-ல் பிறந்தார்; அவருடைய பெற்றோர் லூத்தரன் மிஷனரிகள். அவர்கள் கண்ணுக்குப் புலப்படாத தெய்வத்தின் பொருட்டுக் கண்ணுக்கெட்டாத காங்கோவில் ஊழியம் செய்துகொண்டிருக்க, பிள்ளை ஸ்வீடனில் உறவினர் வீட்டில் வளர்ந்தார்.

பாதிரியாரின் மகனான டைரக்டர் இங்மார் பெர்க்மனோடு அவர் சேர்ந்தது இயல்பாகவே தோன்றுகிறது. விசுவாசத்தை இழந்த பாதிரியார் ஒருவரைப் பற்றிய ‘குளிர்கால ஒளி’ (1963) படத்துக்காக இருவரும் தேவாலயத்தில் உட்கார்ந்து, சாம்பல் நிறப் பகல் வெளிச்சம் எப்படி மாறுகிறது என்று மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடவுள் ஏன் மௌனமாயிருக்கிறார் என்று ஒருவர் கேட்டார்; ஜன்னல் வழியே வரும் வெளிச்சம் பகல் சாயச்சாய முகத்தில் என்ன ஆகிறது என்று மற்றவர் கேட்டார். இரண்டாவது கேள்வியில்தான் பக்தி அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

1982-ல் வெளிவந்த ‘ஃபேனியும் அலெக்ஸாண்டரும்’ நிக்விஸ்டுக்கு இரண்டாவது ஆஸ்கார் விருதைத் தேடித் தந்தது. பெர்க்மனோ அத்துடன் திரையரங்கப் படங்களிலிருந்து விலகிக்கொண்டார். அறுபதை எட்டிய நிக்விஸ்ட் பிறகு அமெரிக்காவில் பல படங்களுக்கு ஒளிப்பதிவு செய்தார். ‘ஸ்லீப்லெஸ் இன் சியாட்டில்’ போன்ற காதல் கதைகளும் அவற்றில் உண்டு. அதைச் சரிவென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெளிச்சம் கதையின் தகுதி பார்த்தா விழுகிறது?

ஆனால் நம் கேள்வி தன் முழு உக்கிரத்தோடு எழுவது, 1985-ல் காட்லாண்ட் தீவில் ஆந்த்ரேய் தார்க்கோவ்ஸ்கி எடுத்த ‘தியாகம்’ படத்தில்தான். அணு யுத்தம் மூண்டுவிட்ட இரவில், அலெக்ஸாண்டர் என்னும் முதியவர், உலகம் பிழைத்தால் வீட்டையும் மகனையும் துறப்பேன், இனிப் பேசவும் மாட்டேன் என்று ஆண்டவனிடம் பிரதிக்ஞை செய்கிறார். விடிந்து பார்த்தால் யுத்தத்தின் சுவடே இல்லை. ஆகவே, வாக்குத் தவறாமல் அவர் தம் வீட்டுக்குத் தீ வைப்பது மற்றவர் கண்ணுக்கு வெறும் சித்தப்பிரமையாகப்படுகிறது. அந்தத் தீயை ஒரே தொடர்ச்சியான காட்சியாக எடுக்க வேண்டும். ஒரு காமிரா போதாது என்று நிக்விஸ்ட் ஆட்சேபித்தும் டைரக்டர் இணங்கவில்லை. வீடு பற்றி எரிந்துகொண்டிருக்கையில் காமிரா சிக்கிக்கொண்டது. அத்தனை செலவில் கட்டிய வீடு சாம்பலாயிற்று. காட்சி மட்டும் கிடைக்கவில்லை. பிறகு வீட்டை மறுபடி எழுப்பி, இம்முறை இரண்டு காமிராக்களைத் தண்டவாளத்தில் நிறுத்தி, மறுபடியும் கொளுத்தினார்கள். இன்று நாம் ஆறு நிமிஷத்துக்கு மேல் பார்ப்பது அந்த இரண்டாம் தீயைத்தான்.

முதல் தீ என்னவாயிற்று? கலைக்கு அது நஷ்டம், சந்தேகமில்லை. ஆனால் எவர் கண்ணிலும் தியாகமாகத் தோன்றாத தியாகத்தைப் பற்றிய கதையில், பதிவாகாமற்போன அந்த முதல் வீடுதான் அலெக்ஸாண்டரின் பிரதிக்ஞைக்கு அதிக விசுவாசமாக இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டாவது நமக்காக எரிந்தது.

1989-ல் உடி ஆலனுக்காக அவர் ஒளிப்பதிவு செய்த ‘குற்றங்களும் சில்லறைத் தவறுகளும்’ இதே விசாரத்தைத் தலைகீழாக்குகிறது. ஆண்டவனின் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று தகப்பனார் சொல்லக் கேட்டு வளர்ந்த கண் வைத்தியர் ஒருவர், தம் ஆசைநாயகியைக் கூலிக்கு ஆள் வைத்துக் கொல்வித்துவிட்டுத் தண்டனையின்றிச் சுகமாயிருக்கிறார்; அவரிடம் சிகிச்சைக்கு வந்த யூத குருவோ பார்வையை முற்றும் இழந்து, மகளின் கல்யாணத்தில் அவளோடு தட்டித் தடவி நடனமாடுகிறார். நிக்விஸ்டின் ஒளி கொலைகாரனை இருளாக்கிக் காட்டவுமில்லை, குருவுக்குப் பரிவேஷம் சூட்டவுமில்லை. பார்த்தும் தடுக்காத சாட்சி என்று கடவுள்மீது நாம் சாட்டும் குற்றத்தை, ஒளிப்பதிவாளர்மீதும் அப்படியே சாட்டலாம். அவரளவில் நமக்கு அது குற்றமாகப்படாததன் காரணம், தலையிட அவருக்கு அதிகாரமில்லை என்பதே; அந்தச் சமாதானத்தைச் சர்வ வல்லமையுள்ள ஆண்டவனுக்குச் சொல்ல முடியாதென்பதால், அவ்விடத்தில் பெர்க்மனின் கேள்வி எனக்கு இன்னும் தீரவில்லை.

1998-ல் நிக்விஸ்டுக்கு மொழியைப் படிப்படியாகப் பறிக்கும் அஃபேஷியா என்னும் மூளை நோய் இருப்பது தெரிய வந்து, தொழில் நின்றது. 2006-ல் தமது 83-வது வயதில் காலமானார். பேச்சைத் துறப்பதாக அலெக்ஸாண்டர் செய்த பிரதிக்ஞை ஒளிப்பதிவாளரிடம் பலித்ததென்று ரசமாக எழுதிவிடலாம். எழுத எனக்குச் சம்மதமில்லை. அலெக்ஸாண்டர் மௌனத்தைத் தாமே கொடுத்தார். இவரிடமிருந்து பேச்சை யாரும் கேட்டு வாங்கவில்லை.