பொறி

புதிய கருவி ஒன்றைக் கண்டால் நம் உள்ளம் துள்ளுகிறது. இதனை மறைத்துப் பயனில்லை. அரபு இலக்கணமும் தமிழும் கற்பித்தே காலத்தைக் கழித்துவிட்ட ஓர் ஆசிரியருக்கு, கடைவீதிக் கண்ணாடிப் பேழைக்குள் மின்னும் கைப்பேசியிடத்து என்ன வேலை என்று நண்பர்கள் நகைப்பார்கள். வீட்டாரோ நகைப்பதையும் விட்டுவிட்டார்கள். இவ்வாசை நமக்கு நேற்று வந்ததன்று. 1970-களின் இறுதியில், சபர் போயிருந்த வாப்பா விடுமுறைக்கு ஊர் திரும்பியபோது ஒரு டேப்ரிக்கார்டர் கொண்டுவந்தார்கள். சிவப்புப் பொத்தானை அழுத்தி, 'பேசு' என்றார்கள். நாம் அலிஃப், பே ஓதினோம். மறுகணம் அப்பெட்டி நம் குரலிலேயே அதைத் திருப்பி ஓதியது. அன்று தொற்றிக்கொண்ட வியப்பு இன்னும் நம்மை விட்டு நீங்கவில்லை.

புதிய பொருள்களின்மீது மனிதன் கொள்ளும் இவ்வார்வம் நற்பண்பா, நோயா? பெரியோர் பலர் இவ்வினாவுக்கு ஒரே மூச்சில் விடை பகர்ந்துவிடுகின்றனர். 'ஆசை, ஆகவே கேடு' என்பது அவர்கள் தீர்ப்பு. இளைஞரோ, 'முன்னேற்றம், ஆகவே நன்மை' என்கின்றனர். இரண்டும் விசாரணையின்றி வழங்கப்பட்ட தீர்ப்புகள். குற்றவாளிக் கூண்டில் பல்லாண்டு நின்று பழகியவர் என்னும் தகுதியில், இவ்வழக்கை நாமே சற்று விசாரித்துப் பார்க்கலாம் என்று எண்ணுகிறோம்.

நாம் கற்ற இரு மொழிகளும் இவ்விஷயத்தில் வியக்கத்தக்க வகையில் ஒன்றுபடுகின்றன. தமிழில் பொறி என்றால் இயந்திரம். எலியைப் பிடிக்க வைக்கும் கூண்டும் பொறிதான். கண், செவி முதலிய ஐந்தையும் ஐம்பொறி என்றே நம் முன்னோர் அழைத்தனர். அரபியில் ஹீலா என்றால் தந்திரம், உபாயம். மார்க்கச் சட்டத்தின் சொல்லைக் காப்பாற்றி அதன் நோக்கத்தைத் தப்பிச் செல்லும் சூழ்ச்சிகளை ஃபிக்ஹு அறிஞர்கள் ஹியல் என்று குறித்தனர். நுட்பமான இயந்திரங்களைச் செய்யும் கலைக்கும் அதே ஹியல்தான் பெயராயிற்று. கருவிக்கும் கண்ணிக்கும் ஒரே சொல்லை வைத்த இவ்விரு மொழிகளும் நம்மை எச்சரிக்கின்றன எனலாம். ஆயினும் கருவியை வெறுக்கச் சொல்லவில்லை.

வெறுத்திருந்தால், ஒன்பதாம் நூற்றாண்டு பக்தாதில் மூஸா இப்னு ஷாகிரின் மைந்தர் மூவர் 'கிதாபுல் ஹியல்' என்னும் நூலை எழுதியிருப்பார்களா? ஏறத்தாழ நூறு கருவிகளின் அமைப்பு அதில் விளக்கப்பட்டுள்ளது. வடிவத்தை மாற்றி மாற்றி நீர் பாய்ச்சும் ஊற்றுகள், தம் திரியைத் தாமே சரிசெய்துகொள்ளும் விளக்குகள் என்று அவை விரிகின்றன. அவற்றுட் பல வெறும் வியப்புக்காகவே செய்யப்பட்டவை. விளையாட்டுப் பொருள் செய்வதை அம்மேதைகள் இழிவாகக் கருதவில்லை.

அவர்களுக்குப்பின் வந்தவர் அல்ஜஸரீ. தியார்பக்ர் நகரில் அர்துக் மரபு மன்னரின் பணியில் இருந்த இவர், 1206-ல் தம் நூலை நிறைவு செய்தார். அதில் ஐம்பது கருவிகள். யானையின் முதுகில் அமைந்த நீர்க்கடிகாரம் அவற்றுள் பெரும்புகழ் பெற்றது. நம்மைக் கவர்வது யானையன்று, அந்நூலின் போக்கு. இன்ன பகுதியை இன்ன உலோகத்தால் இன்ன அளவில் செய், இப்படிப் பொருத்து, இப்படிச் சோதித்துப் பார் என்று, ஒரு கைவினைஞன் படித்து அவ்வாறே செய்யத்தக்க முறையில் அவர் எழுதிவைத்தார். எழுநூற்று எழுபது ஆண்டுகள் கழித்து, 1976-ல், அந்நூலைக் கொண்டே அவருடைய நீர்க்கடிகாரம் ஒன்றை லண்டனில் மீண்டும் செய்து ஓடவிட்டனர். தான் கண்ட நுட்பத்தைப் பிறரும் காணுமாறு கதவைத் திறந்துவைத்துச் சென்றவர் அவர். இதுவே கருவியின் நல்ல முகம்.

நம் காலத்துக் கருவிகளிலும் இந்நல்ல முகம் உண்டு. மதரஸாவில் நாம் பயின்ற நாளில் இப்னு மன்ழூரின் 'லிஸானுல் அரப்' பதினைந்து தொகுதிகளும் ஓர் அலமாரியில் பூட்டிக் கிடந்தன. ஒரு சொல்லின் வேரைத் தேட ஹள்ரத்தின் அனுமதியும் சாவியும் வேண்டும். இன்று அப்பதினைந்தும் சட்டைப்பையில் உள்ளன. மையால் எழுதியது போன்று தோன்றும் திரையையுடைய படிப்புக் கருவிகள், எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டி, மங்கிவரும் நம் கண்களுக்கு மீண்டும் நூல்களைத் தந்தன. ஒரே வகைச் செருகியைக் கைப்பேசிகள் யாவும் ஏற்கவேண்டும் என ஐரோப்பிய ஒன்றியம் விதித்த சட்டம் 2024 டிசம்பரில் நடப்புக்கு வந்தது. ஒரு வீட்டில் ஏழு சார்ஜர்கள் என்னும் அவலத்துக்கு அது முடிவு கட்டும். இவற்றைப் புகழ நமக்குத் தயக்கமில்லை.

வேறு சிலவற்றைப் புகழ நம் நா எழவில்லை. கம்பியில்லாக் காதொலிப்பான்களை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு காதுக்குள்ளும் கடுகளவு பேட்டரி ஒன்று ஒட்டி மூடப்பட்டிருக்கிறது. சில ஆண்டுகளில் அது தளர்ந்தால் பெரும்பாலானவற்றைத் தூக்கி எறிவதன்றி வேறு வழியில்லை. கம்பியுள்ள பழைய ஒலிப்பானோ, கம்பி அறுந்தால் பற்றவைத்துப் பத்தாண்டுகள் உழைக்கும். கம்பியின் சிக்கலை அவிழ்க்கும் அரை நிமிடத்தை மிச்சப்படுத்தினோம். பொருளின் ஆயுளைக் கொடுத்து அந்த அரை நிமிடத்தை வாங்கினோம். இந்த வாணிபத்தில் இலாபம் யாருக்கு?

கருவி கண்ணியாக மாறும் இடங்களுள் இது முதலாவது: திறக்கவொண்ணாமை. வாப்பாவின் டேப்ரிக்கார்டரின் அடியில் நான்கு திருகாணிகள் இருந்தன. அவற்றைக் கழற்றியே நாம் பாதி விஞ்ஞானம் கற்றோம், அடியும் வாங்கினோம். இன்றைய கைப்பேசியைப் பசையிட்டு ஒட்டியிருக்கிறார்கள். 2007-ல் வெளிவந்த முதல் ஐஃபோனிலேயே, வாங்கியவர் தாமே பேட்டரியைக் கழற்றி மாற்ற இயலாது. பின்னர் ஏனையோரும் அவ்வழியே சென்றனர். மெலிவும் நீர் புகாமையும் இதற்குக் காரணம் என்பர்; அதில் உண்மையும் உண்டு. ஆனால் 2027 பிப்ரவரி முதல், கைக்கருவிகளின் பேட்டரிகளைப் பயனாளரே கழற்றி மாற்ற இயலவேண்டும் என்று ஐரோப்பாவில், சில விலக்குகளுடன், சட்டம் இயற்றப்பட்டுள்ளது. முடியாத செயலுக்கு எவரும் சட்டம் இயற்றுவதில்லை.

இரண்டாவது இடம், அளந்து வைத்த ஆயுள். இது புதிய நோயன்று. 1924-ல் ஜெனீவாவில் உலகின் பெரிய மின்விளக்கு நிறுவனங்கள் கூடிப் ஃபீபஸ் என்னும் கூட்டணி அமைத்தன. 1500 மணி நேரமும் அதற்கு மேலும் எரிந்துகொண்டிருந்த விளக்குகள் இனி 1000 மணி நேரமே எரியவேண்டும் என்று தமக்குள் உடன்பட்டன. மீறி நெடிது எரியும் விளக்கைச் செய்த நிறுவனத்துக்கு அபராதமும் விதித்தன. நம் காலத்தில், பேட்டரி தளர்ந்த பழைய கைப்பேசிகளின் வேகத்தைத் தான் குறைத்துவந்ததை ஆப்பிள் நிறுவனம் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. கருவி திடீரென அணைந்துபோகாதிருக்கவே அவ்வாறு செய்ததாக விளக்கமும் கூறியது. விளக்கம் சரியாகவே இருக்கலாம். முன்பே சொல்லியிருந்தால், பேட்டரியை மட்டும் மாற்றிக்கொண்டிருக்கக்கூடியவர் புதிய கைப்பேசி வாங்கியிருக்கமாட்டார் அன்றோ? விற்கும் பொருளின் குறையை வாங்குபவனிடம் மறைப்பது ஆகாது என்பது நம் மக்தப் பிள்ளைகளும் அறிந்த பாடம்.

மூன்றாவது, உடைமை போன்ற தோற்றம். 2009 ஜூலையில், ஜார்ஜ் ஆர்வெல்லின் நாவல்கள் இரண்டை அமேசான் நிறுவனம், கிண்டில் கருவியில் விலை கொடுத்து வாங்கியிருந்தவர்களிடமிருந்து, அவர்களைக் கேளாமலே நீக்கிவிட்டது. அப்பதிப்பை விற்றவருக்கு விற்கும் உரிமை இல்லை என்பது காரணம். பணம் திருப்பித் தரப்பட்டது. நிறுவனத் தலைவர் வருத்தமும் தெரிவித்தார். ஆயினும் அலமாரியிலுள்ள நூலை இரவோடிரவாக எடுத்துச் செல்லும் வல்லமை கடைக்காரர் கையில் இருக்குமாயின், அந்நூல் யாருடையது? பொருளின் உடைமை வேறு, அதன் பயனை நுகரும் உரிமை வேறு என்று ஃபிக்ஹு நூல்கள் கற்பிக்கின்றன. வாடகைக்குக் கொடுப்பவர் வாடகை என்று சொல்லியே கொடுக்கவேண்டும்.

இதுவரை பழியை எல்லாம் செய்பவர்மீதும் விற்பவர்மீதும் சுமத்திவந்தோம். அது எளிது, நமக்கும் இனிக்கிறது. ஆனால் எலிப்பொறியில் கம்பிகள் மட்டும் இருந்தால் எலி சிக்காது. உள்ளே தேங்காய்த் துண்டு வேண்டும். அத்துண்டு எது என்பதைச் சொல்லாமல் இவ்விசாரணை நிறைவுறாது. சொல்வதாயின், நம் கதையைத்தான் சொல்லவேண்டும்.

வாப்பா அரபு நாட்டிலிருந்த காலத்தில் கடிதத்துக்குப் பதிலாக ஒலிநாடாக்களில் பேசி அனுப்புவார்கள். அக்காலச் சபராளிக் குடும்பங்கள் பலவற்றில் இவ்வழக்கம் இருந்தது. ஊருக்கு வருபவர் பெட்டியில் அந்நாடா வரும். உம்மா அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்பார்கள். வாப்பா மறைந்து பல்லாண்டு கழிந்தபின் அந்த டேப்ரிக்கார்டர் ஓடாமல் நின்றது. மார்க்கெட் சந்தில் ஒரு பழுது பார்ப்பவர், நான்கு திருகாணிகளைக் கழற்றி, தளர்ந்துபோன ரப்பர் பெல்ட்டை மாற்றித் தந்தார். கூலி நாற்பது ரூபாய். 'பிள்ளைகள் ஓதுகிறார்களா?' என்று வாப்பா மீண்டும் கேட்டார்கள்.

உம்மாவும் மறைந்தார்கள். கடைசி இரண்டாண்டுகள் அவர்கள் நமக்கு வாட்ஸ்அப்பில் குரற்செய்திகள் அனுப்பிவந்தார்கள். 'மருந்து வாங்கினியா', 'மீன் நல்லா இருந்துச்சு, பேரனுக்கு அனுப்பியிருக்கேன்' என்னும் சிறு பேச்சுகள். அவை யாவும் நம் கைப்பேசியில் இருந்தன. அக்கைப்பேசி நன்றாகவே உழைத்துக்கொண்டிருந்தது. ஆனால் புதியது ஒன்று வந்திருந்தது. பழையதைக் கொடுத்தால் மூவாயிரம் ரூபாய் கழிவு என்றார்கள். கடைப்பையன் நேர்மையானவன். 'உள்ளே ஏதாவது எடுத்து வைக்கணுமா பாய்? எல்லாம் அழிஞ்சிடும்' என்று ஒருமுறைக்கு இருமுறை கேட்டான். நம் கண் மேசைமேல் இருந்த புதிய பெட்டியில் இருந்தது. அதன் மேலுறையைப் பிரிக்கும் அவசரத்தில், 'ஒன்றுமில்லை, அழித்துவிடு தம்பி' என்றோம்.

மூன்று நாள் கழித்து நினைவு வந்தது. கடைக்கு ஓடினோம். அழித்தது அழித்ததுதான், வேறெங்கும் படி எடுத்து வைத்திருக்கவும் இல்லை. வாப்பாவின் குரலைக் காத்தது நாற்பது ரூபாய்ப் பெல்ட். உம்மாவின் குரலை மூவாயிரத்துக்குக் கொடுத்தவர் நாம். இதில் எந்த நிறுவனத்தைக் குறை சொல்வது? ஒருவரும் ஏமாற்றவில்லை. எச்சரித்தும் இருக்கிறார்கள். அந்தத் தேங்காய்த் துண்டு பெட்டிக்குள் இல்லை, வாசகர்களே. பெட்டியைப் பிரிக்கும் அந்த ஒரு நிமிட இன்பத்தில் இருந்தது.

அன்றுமுதல் நம் ஆர்வத்தை நாமே இரண்டாகப் பிரித்துப் பார்க்கலானோம். ஒன்று, கருவியை அறியும் இன்பம். சிறுவயதில் திருகாணி கழற்றியது அது. அல்ஜஸரீயின் நூலைப் படிக்கையில் எழுவதும் அதுவே. இது பழகப் பழக வளரும்; பழைய பொருளிலும் புதியதைக் காணும். மற்றொன்று, முதலில் அடையும் இன்பம். அண்டை வீட்டாருக்கு முன், சென்ற ஆண்டு நம்மிடமிருந்ததைவிட மேலானதாக, கைக்கு வந்தாக வேண்டும் என்னும் தவிப்பு. உறை பிரிந்ததும் இது செத்துவிடும். ஆகவே அடுத்த உறையைத் தேடும். இரண்டும் ஒரே முகத்தோடு வருவதால், அறிவின்மேல் கொண்ட காதல் என்று மெய்யாகவே நம்பிக்கொண்டு, ஆண்டுதோறும் இஸ்ராஃப் என்னும் வீண்விரயத்தில் வீழ்கிறோம். இந்த வீழ்ச்சியின் எடை எவ்வளவு? 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகம் கழித்த மின்னணுக் கழிவு 6 கோடியே 20 லட்சம் டன் என்கிறது ஐக்கிய நாடுகள் நிறுவனங்கள் வெளியிட்ட கணக்கு. முறையாகத் திரட்டி மறுபயன்பாட்டுக்கு அனுப்பப்பட்டதாகப் பதிவானது அதில் நான்கில் ஒரு பங்கும் இல்லை.

ஆகவே வினாவுக்கு நம் விடை இதுதான். புதுமையின்மேல் கொண்ட ஆர்வம் நோயன்று. படைத்தவன் மனிதனுக்கு அளித்த அறிவின் பசி அது. ஆனால் கையிலிருக்கும் பொருளை அறிந்து முடிக்குமுன் அடுத்ததை நாடும் ஆர்வம், அறிவின் உடையை அணிந்து வந்த பேராசை. இரண்டையும் பிரித்தறிய நாம் மூன்று கேள்விகளை வைத்துக்கொண்டிருக்கிறோம். இதை என்னால் அல்லது என் ஊர்க் கைவினைஞரால் திறந்து பழுது பார்க்க முடியுமா? இது இன்று செய்யும் வேலையை என் பழையது உண்மையிலேயே செய்யவில்லையா? யாருக்கும் காட்டாமல் ஓராண்டு வைத்திருக்கச் சொன்னாலும் இதை வாங்குவேனா? மூன்றாவது கேள்வியில்தான் நாம் பலமுறை தோற்றோம். கடைவாசலிலிருந்து வெறுங்கையோடு திரும்பினோம். திரும்பி வந்த நாள்களில் ஒன்றுக்காவது பின்னர் வருந்தியதில்லை.

இவ்வேட்டை வைத்ததும் வாசகர்கள் ஒரு காரியம் செய்யவேண்டும் என்று வேண்டுகிறோம். இழுப்பறையில் கிடக்கும் உங்கள் பழைய கைப்பேசியை எடுங்கள். சார்ஜரில் போட்டு, உயிர் வருகிறதா என்று பாருங்கள். வந்தால், அதற்குள் யார் பேசுகிறார்கள் என்று கேளுங்கள். கேட்டதை வேறிடத்தில் பத்திரப்படுத்திய பிறகு, கழிவு விலையைப் பற்றிப் பேசிக்கொள்ளலாம்.