வேண்டுதல் இல்லாமல் கொல்லிமலைக்கு

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் காரவள்ளி அடிவாரத்து டீக்கடைகளுக்கு முன்னால் மோட்டார் சைக்கிள்கள் வரிசை கட்டி நிற்கும். சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாக வந்த நாமக்கல் வண்டிகள், சேலம், ஈரோடு, திருச்சி வண்டிகள், ராத்திரியே கிளம்பி வந்த கர்நாடகப் பதிவெண்கள் ஒன்றிரண்டு. இங்கே தொடங்கிச் சோளக்காடு சேருவதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள். எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டால், அருவி இருக்கிறது, கோயில் இருக்கிறது என்று ஏதாவது சொல்வார்கள். உண்மையில் அந்த எழுபதை ஓட்டத்தான் வந்திருக்கிறார்கள்.

அதே சாலையில் பேருந்தில் வருகிற குடும்பத்துக்கு இந்தத் தடுமாற்றம் கிடையாது. பிள்ளைக்கு முடி இறக்க வேண்டும், மாசி பெரியண்ணசாமிக்குப் பொங்கல் வைக்க வேண்டும், பெரியகோவிலூர் அறப்பளீஸ்வரருக்கு நேர்ந்துகொண்டது பாக்கி இருக்கிறது. வேண்டுதலோடு ஏறுகிறவருக்கு மலை புண்ணியம் தரும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. வேண்டுதலே இல்லாமல், ஏறுகிற சுகத்துக்காக ஏறுகிறவருக்கு?

ஊர்சுற்றல் என்று இதைத் தள்ளிவிடுவது சுலபம். தள்ளுகிறவர்களுக்கு ஆதரவாகப் பெரிய சாட்சி ஒன்றும் இருக்கிறது. பெரியபுராணத்தில் திருநாவுக்கரசர் கயிலைக்குப் போகிறார். கால் தேய்கிறது, கையால் ஊர்கிறார். கை தேய்கிறது, மார்பால் நகர்கிறார். உடம்பு முழுதும் தேய்ந்த பிறகே இறைவன் முனிவர் வேடத்தில் எதிரே வருகிறான். இந்த அப்பர்தான் தம் தேவாரத்தில் கொல்லியின் அறப்பள்ளியைப் பெயர் சொல்லிக் குறித்துவைத்தவர். அந்தக் கோயிலுக்கு ஆக்சிலரேட்டரைத் திருகிக்கொண்டு வருகிறவன் எந்தக் கணக்கில் சேருவான்?

ஆனால் கதையின் மிச்சத்தையும் கேட்க வேண்டும். அப்பர் கயிலையை எட்டவே இல்லை. வழியில் இருந்த குளத்தில் முழுகச் சொல்கிறான் இறைவன். அவர் எழுவது திருவையாற்றில். அங்கே அவர் கண்ணில் படுவன களிறும் பிடியும், சேவலும் பேடையும், குயிலும் மயிலும். தெருவில் எதிர்ப்பட்ட அந்தச் சோடிகளிலேயே அம்மையும் அப்பனும் தெரிந்தார்கள். கயிலையில் கிடைக்க வேண்டிய காட்சி வழியோரத்தில் கிடைத்தது. திருஞானசம்பந்தர் கதையோ இன்னும் தாராளமானது. பிஞ்சுக் கால் நோகுமே என்று திருநெல்வாயில் அரத்துறை இறைவனே முத்துச்சிவிகை கொடுத்தனுப்பினான். வாகனத்தில் வந்தால் பக்தி குறையும் என்கிற வாதம் அந்த ஊரில் எடுபடாது.

சும்மா விளையாடுவதற்குச் சமயத்தில் இடம் உண்டா என்பது இதைவிடக் கடினமான கேள்வி. குறை ஒன்றும் இல்லாத பரம்பொருள் எதற்காக உலகத்தைப் படைத்தது என்று கேட்டுக்கொள்ளும் பிரம்ம சூத்திரம், லீலை என்று விடை சொல்கிறது. எல்லாம் கைகூடிய அரசன் ஒருவன் தேவை எதுவும் இல்லாமலேயே விளையாடுவதைப் போல என்று சங்கரர் உரையில் விளக்குகிறார். தமிழ்நாட்டுச் சைவர்களுக்கு இது முழுத் திருப்தி தரவில்லை. 13-ஆம் நூற்றாண்டில் சிவஞான சித்தியார் எழுதிய அருணந்தி சிவாச்சாரியார், விளையாட்டு என்று சொன்னாலும் சரிதான் என்று ஒரு பக்கம் ஒப்புக்கொள்கிறார். உடனே, உயிர்களுக்குப் போகமும் வீடும் தருவதற்காக அருளால் நடப்பது இது என்று சேர்த்துக்கொள்கிறார். ஐந்தொழிலில் அழித்தலுக்கு அவர் தரும் காரணம்தான் விசேஷம். பிறந்து பிறந்து களைத்த உயிர்களை இளைப்பாற்றுவதற்காக அழிக்கிறானாம். அப்படிப் பார்த்தால் மகாசங்காரம் என்பது உலகம் முழுமைக்கும் விட்ட நீண்ட விடுமுறை. இளைப்பாறுதலைக் கடவுளின் தொழில்களில் ஒன்றாக வைத்த தத்துவம் ஞாயிற்றுக்கிழமையை ஏளனம் செய்யாது.

ஞாயிறு விடுமுறையே நமக்குச் சும்மா கிடைத்ததில்லை. பம்பாய் ஆலைத் தொழிலாளர்களுக்காக நாராயண் மேகாஜி லோகாண்டே பல ஆண்டுகள் போராடி 1890-இல் பெற்றுத் தந்தது அது. ஞாயிறு கண்டோபா சாமிக்கு உரிய நாள் என்பதையும் அவர் தம் வாதங்களில் ஒன்றாக வைத்ததாகச் சொல்வார்கள்.

மோட்டார் சைக்கிளில் தத்துவம் என்றதும் ராபர்ட் பிர்சிக் நினைவுக்கு வருவார். 1968-இல் மகன் கிறிஸ்ஸைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு, ஹோண்டா சூப்பர் ஹாக் வண்டியில் மின்னசோட்டாவிலிருந்து கலிபோர்னியா வரை போனவர். பெருவழிகளை விட்டுக் கிளைச்சாலைகளைத் தேடிப் போனார். 1974-இல் வெளிவந்த ‘ஜென்னும் மோட்டார் சைக்கிள் பராமரிப்புக் கலையும்’ அந்தப் பயணத்தில் பிறந்தது. அதற்கு முன்பே அவர் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்தவர் என்பதை இங்கே அதிகம் பேர் சொல்வதில்லை. உலகம் மாயை என்று பேராசிரியர் ஒருவர் வகுப்பில் விளக்க, ஹிரோஷிமாவில் விழுந்த குண்டும் மாயைதானா என்று மாணவர் கேட்க, ஆமாம் என்று புன்னகையோடு பதில் வந்ததாம். அதோடு அவர் படிப்பை விட்டுக் கிளம்பியதை நூலில் எழுதியிருக்கிறார். காசிக்குப் பதில் திருவாவடுதுறைச் சைவ மடத்துப் பக்கம் வந்திருந்தால் தங்கியிருப்பாரோ என்னவோ. சைவ சித்தாந்தத்தில் மாயை பொய்த்தோற்றம் இல்லை. உலகத்துக்கு மூலப்பொருளாக என்றும் உள்ள உண்மை அது. நட்டும் போல்ட்டும் செயினும் நிஜம், வால்வில் வருகிற சத்தமும் நிஜம்.

பிர்சிக் சொல்வதில் ஒன்றைக் கொல்லிமலைச் சாலை தயவு பார்க்காமல் நிரூபிக்கும். கவனம் வண்டியில் இல்லாவிட்டால் பயணமே இல்லை. ஏறின கியரிலேயே இறங்கணும் என்பது மலை ஓட்டுநர்களின் பால பாடம். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவர்கள் பிரேக் சூடேறிய பிறகுதான் விஷயத்தை உணர்வார்கள். ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிறவர் ஒதுங்கி நிற்க வேண்டும். பேருந்து வளைவில் திரும்பும்போது சாலை முழுதும் அதற்கே வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் கீழே சமவெளி விரிந்து கண்ணை இழுக்கும்.

அந்த இழுப்பைப் பற்றி இந்த மலைக்குத் தனியான கருத்து ஒன்று இருக்கிறது. நற்றிணையும் குறுந்தொகையும் பேசுகிற கொல்லிப்பாவை, காற்றும் மழையும் இடியும் சிதைக்க முடியாத ஓர் அழகுப் பதுமை. சங்கப் புலவர்கள் தலைவியின் அழகுக்கு அதை உவமை சொன்னார்கள். சிரித்து மயக்கி, வந்தவர் உயிரை வாங்கும் பாவை என்று மரபு சொல்கிறது. இன்று எட்டுக்கை அம்மன் கோயிலில் மக்கள் கும்பிடுவது அவளைத்தான் என்பது மலையின் நம்பிக்கை. இயற்கை அழகு மனசுக்கு இதம், உடம்புக்கு நல்லது என்று சுற்றுலாத் துண்டறிக்கைகள் சொல்லும். கொல்லிமலையில் அழகு ஒரு சக்தி, பலி கேட்கக்கூடியது. ஐம்பத்தைந்தாவது வளைவில் ஹேண்டில் பாரை ஒரு கையில் பிடித்தபடி செல்போனில் படம் எடுக்கிறவர்களைப் பார்த்தால் இரண்டில் எது சரியான தத்துவம் என்று தெரிந்துவிடும்.

ராஜஸ்தானில் பாலி – ஜோத்பூர் நெடுஞ்சாலையோரம் ஒரு புல்லட்டைக் கண்ணாடிக் கூண்டில் வைத்துக் கும்பிடுகிறார்கள். 1988-இல் அங்கே விபத்தில் இறந்த ஓம் பன்னாவின் வண்டி. காவல் நிலையத்துக்குக் கொண்டுபோக, தானே திரும்பி வந்துவிட்டது என்பது கதை. அந்த வழியாகப் போகிறவர்கள் நின்று கும்பிட்டுவிட்டுத்தான் நகர்கிறார்கள். புல்லட் நம்ம திருவொற்றியூர் ஆலையில் பேர் வாங்கிய வண்டி, அதைச் சாமியாக்க ராஜஸ்தான் வேண்டியிருந்தது. ஆயுத பூசைக்கு மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவதோடு நாம் நிறுத்திக்கொண்டோம்.

மேலே போனால் வேறொரு கணக்கு. இந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடிகளுக்கு மோட்டார் சைக்கிள் மூட்டை சுமக்கிற வண்டி. மிளகு, காப்பி, அன்னாசி, பலா, மலைவாழை எல்லாம் சோளக்காட்டுச் சந்தைக்குப் போக வேண்டும். முன்பு எங்கும் விளைந்த சாமையும் தினையும் மரவள்ளிக்கு இடம் விட்டுச் சுருங்கிவிட்டன. காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் மூவர் ஆளுக்கொரு மலையாகப் பிரிந்து குடியேறிய கதையைத் தங்கள் பூர்வீகமாகச் சொல்கிறார்கள். வாரம் பூராவும் அவர்கள் பிழைப்புக்கு ஓட்டுகிற வளைவுகளில்தான் மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை இளைப்பாறுகிறார்கள். அரசனால் விளையாட முடியும், அவனுக்குத்தான் குறை ஒன்றும் இல்லையே என்று சங்கரர் உவமையை இங்கிருந்து படித்தால் கொஞ்சம் உறுத்தும்.

பெரியகோவிலூரில் எல்லா வண்டியும் நின்றுவிடும். அறப்பளீஸ்வரரைக் கும்பிட்ட பிறகு, ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். 300 அடி உயரத்திலிருந்து ஐயாறு விழுகிறது. மற்ற மலைக்கோயில்களில் ஏறிக் களைத்த பிறகு சாமி. இங்கே சாமி முதலில், களைப்பு அப்புறம். ஈரத் துணியோடு அத்தனை படிகளையும் திரும்ப ஏறும்போது தொடை நடுங்கும். வேண்டுதலோடு வந்தவருக்கும் இல்லாமல் வந்தவருக்கும் அந்த நடுக்கத்தில் வித்தியாசமில்லை.

இந்த மலையை ஆண்ட வல்வில் ஓரியின் குதிரைக்கும் ஓரி என்றே பெயர். செம்மேட்டில் அவனுக்குச் சிலை இருக்கிறது, ஆடி மாதம் அரசு விழா எடுத்து வில்வித்தைப் போட்டி நடத்துகிறது. அவனைப் புறநானூற்றில் வன்பரணர் இரண்டு விதமாகக் காட்டுகிறார். ஒரு பாட்டில், காட்டு வழியில் களைத்துப்போன பாணர் கூட்டத்துக்கு வேடன் ஒருவன் மான்கறியும் தேறலும் பொன்னும் கொடுக்கிறான். அரசனை அழைக்கிற சொல்லால் அவனை அழைத்ததும் நாணிப்போகிறான். என்ன காரியமாக வந்தீர்கள் என்று அவன் கேட்டதாகப் பாட்டில் இல்லை.

இன்னொரு பாட்டில் அவனிடம் பரிசில் பெற்ற கூத்தர்கள் வருகிறார்கள். மணியால் செய்த குவளைப் பூவும் அணிகலனும் யானைகளும் வாங்கியாயிற்று. பசி என்பதே இல்லாமல் போனதால் ஆட உடம்பு வளையவில்லை, பாட்டும் மறந்துபோயிற்று. வன்பரணர் கொடையைப் புகழ்ந்துதான் இதைச் சொன்னார் என்று உரையாசிரியர்கள் கொள்வார்கள். ஞாயிறு மாலை காரவள்ளியில் வந்து இறங்கும் கூட்டத்தைப் பார்த்தால், புலவர் கூத்தர்களையும் லேசாக ஒரு கிள்ளு கிள்ளியிருப்பார் என்றுதான் தோன்றுகிறது.